பரவளையத்தின் சமச்சீர் அச்சும் காகிதம் மடிக்கிற கோடும் ஒன்றுதானா?

பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா கேட்டிருக்கும் கேள்வி இது. "கீழ் வகுப்பில் சமச்சீர்க் கோடு என்றால் மடித்தால் பொருந்துகிற கோடு என்று படித்தோம். இப்போது ஒய் = ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி என்ற பரவளையத்துக்குச் சமச்சீர் அச்சு எக்ஸ் = −பி/2ஏ என்று ஒரு சூத்திரம் வருகிறது. இரண்டும் ஒன்றா? சூத்திரம் எங்கிருந்து வந்தது? செவ்வகத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு சமமான துண்டுகள் கிடைக்கின்றனவே, அப்புறம் ஏன் அதைச் சமச்சீர்க் கோடு இல்லை என்கிறார்கள்?" மூன்று கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு கோட்டைச் சமச்சீர் அச்சு என்று சொல்ல என்னென்ன நிறைவேற வேண்டும்? அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் செவ்வகம், பரவளையம் இரண்டுக்கும் பதில் அதிலிருந்தே வந்துவிடும். மேல்நிலை வகுப்புகளுக்குப் பல வருடங்களாகக் கணக்குப் பாடம் எடுத்துவருகிறேன். இந்த இடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் தடுமாறுவதைப் பார்க்கிறேன். காரணம், வரையறையின் பாதிதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

முழு வரையறை இதுதான். வடிவத்தில் எந்தப் புள்ளியை எடுத்தாலும், கோட்டுக்கு மறுபுறத்தில் அதற்கு ஒரு ஜோடிப் புள்ளி அதே வடிவத்தில் இருக்க வேண்டும். அந்த ஜோடியைச் சேர்த்து ஒரு கோட்டுத்துண்டு வரைந்தால், நம் கோடு அதன் மையக்குத்துக்கோடாக அமைய வேண்டும். அதாவது இரண்டு நிபந்தனைகள்: நடுவில் வெட்ட வேண்டும், செங்குத்தாக வெட்ட வேண்டும். கோட்டின் மேலேயே கிடக்கும் புள்ளிக்கு அதுவே ஜோடி. காகிதத்தை மடிப்பது இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்க்கும் வழி. ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில், ஆம், இரண்டும் ஒன்றேதான். பரவளையத்துக்கென்று தனியாக ஒரு சமச்சீர் கிடையாது.

செவ்வகத்துக்கு வருவோம். 20 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு காகிதத்தை வெட்டி எடுத்து, தம்பியை மூலைவிட்டத்தில் மடிக்கச் சொல்லுங்கள். மூலைவிட்டம் சரியாக 25 சென்டிமீட்டர் வரும். மடித்ததும், மேலே வந்த மூலை எதிர்மூலையின் மேல் உட்காராது. இரண்டு மூலைகளும் தனித்தனியாக, இரண்டு காது போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்கேல் வைத்து அளந்தால் இடைவெளி 7 சென்டிமீட்டர். இதற்கு ஒரு கணக்கு உண்டு: நீளத்தின் வர்க்கத்திலிருந்து அகலத்தின் வர்க்கத்தைக் கழித்து, மூலைவிட்டத்தால் வகுத்தால் அந்த இடைவெளி கிடைக்கும். 400-இலிருந்து 225 போனால் 175, அதை 25-ஆல் வகுத்தால் 7. நீளமும் அகலமும் சமமானால் மட்டுமே இந்த எண் பூச்சியமாகும். சதுரத்துக்கு மூலைவிட்டம் சமச்சீர்க் கோடாகவும் மற்ற செவ்வகங்களுக்கு இல்லாமலும் போவது இதனால்தான்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மூலைவிட்டத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளும் சர்வசமம் என்பது உண்மை. இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அந்த மூலைவிட்டம் ஒரு நிபந்தனையை நிறைவேற்றவும் செய்கிறது. மற்ற மூலைவிட்டத்துக்கு இணையாகச் செவ்வகத்துக்குள் எத்தனை கோடுகள் வரைந்தாலும், அத்தனையையும் முதல் மூலைவிட்டம் சரியாக நடுவில் வெட்டும். நடுவில் வெட்டுகிறது, ஆனால் செங்குத்தாக வெட்டவில்லை. பாதி நிபந்தனையோடு நிற்கிறது. இணைகரத்திலும் இதே கதைதான். சாய்சதுரத்தில் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்வதால் இரண்டாவது நிபந்தனையும் சேர்ந்துவிடுகிறது, இரண்டு மூலைவிட்டமும் சமச்சீர் அச்சாகிவிடுகின்றன. எனவே இரண்டு சமமான துண்டுகள் கிடைப்பது ஒன்று, சமச்சீர் என்பது வேறொன்று. இந்த வேறுபாட்டைத் தம்பி மனதில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செவ்வகத்தின் அந்த இரண்டு துண்டுகளும் எப்படிப் பொருந்துகின்றன என்றால், மையத்தில் ஊசி குத்தி அரைச் சுற்றுத் திருப்பினால் பொருந்தும். அது சுழல் சமச்சீர். மடிப்பும் சுழற்சியும் தனித்தனி. சாதாரண இணைகரத்துக்கு அரைச் சுற்று உண்டு, மடிக்கிற கோடு ஒன்றுகூடக் கிடையாது. சிக்குக் கோலங்களில் சிலவற்றைக் கால் சுற்றுத் திருப்பினால் அச்சு அசலாக அப்படியே இருக்கும். கண்ணாடியில் காட்டினால் இழை மாறிப்போகும். எந்த வடிவத்துக்கு எத்தனை சமச்சீர்க் கோடுகள் என்ற பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். இருசமபக்க முக்கோணத்துக்கு ஒன்று, சமபக்க முக்கோணத்துக்கு மூன்று, செவ்வகத்துக்கும் சாய்சதுரத்துக்கும் இரண்டு, சதுரத்துக்கு நான்கு, வட்டத்துக்கு எண்ணற்றவை. தம்பிக்குச் சலிக்காமல் இருக்க எழுத்துகளை எடுத்துக்கொள்ளலாம். 'ப' எழுத்தின் இரண்டு கால்களையும் ஒரே உயரத்தில் எழுதினால் ஓர் அச்சு. 'ட' எழுத்தின் இரண்டு கைகளும் சமநீளம் என்றால் மூலையிலிருந்து 45 பாகையில் சாய்ந்து ஓர் அச்சு. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளையும் சமபக்க முக்கோணத்தின் முனைகளில் வைத்தால் மூன்று அச்சுகள், மேல்புள்ளியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைத்தால் ஒன்றே ஒன்று.

இப்போது பரவளையம். ஒய் = ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி என்ற வளைவுக்குச் சமச்சீர் அச்சு ஒய் அச்சுக்கு இணையானது. ஆகவே ஜோடிப் புள்ளிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அவற்றைச் சேர்க்கும் கோடு அச்சுக்குச் செங்குத்தாக இருக்கும். செங்குத்து நிபந்தனை இப்படித் தானாகவே நிறைவேறிவிடுகிறது. மிஞ்சியிருப்பது நடு நிபந்தனை மட்டும். வெவ்வேறு உயரங்களில் ஜோடிகளை எடுத்தால், அவற்றின் நடுப்புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் விழுகின்றனவா?

ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 5 என்பதை எடுத்துப் பார்ப்போம். உயரம் 0 ஆகிற இடங்கள் 1, 5, நடு 3. உயரம் 5 ஆகிற இடங்கள் 0, 6, நடு 3. உயரம் 12 ஆகிற இடங்கள் −1, 7. நடு மறுபடியும் 3. இது தற்செயலாக வந்ததில்லை. உயரம் கே என்று வைத்துச் சமன்பாட்டை எழுதினால் ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + (சி − கே) = 0. மூலங்களின் (அதாவது தீர்வுகளின்) கூடுதல் −பி/ஏ என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறார்கள். அந்தக் கூடுதலில் சியும் இல்லை, கேயும் இல்லை. உயரத்தை எப்படி மாற்றினாலும் கூடுதல் மாறாது, எனவே அதில் பாதியான நடுப்புள்ளியும் மாறாது. அந்தப் பாதிதான் −பி/2ஏ. பிள்ளைகள் மந்திரம் மாதிரி ஒப்பிக்கிற 'மைனஸ் பி பை டூ ஏ' என்பது, ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளின் சராசரி, அவ்வளவுதான்.

மூலங்களின் கூடுதல் நினைவில் இல்லாத பிள்ளைக்கு நான் இதைவிட எளிய வழி ஒன்று காட்டுவேன். வளைவு ஒய் அச்சை வெட்டும் உயரம் சி. அதே உயரத்தில் வேறெங்கே வருகிறது என்று பாருங்கள். ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி = சி. இரண்டு பக்கமும் சியை அடித்துவிட்டால் எக்ஸ்(ஏ எக்ஸ் + பி) = 0. எக்ஸ் ஒன்று 0, அல்லது −பி/ஏ. இரண்டுக்கும் நடு −பி/2ஏ. இரண்டே வரி. இதில் இன்னொரு வசதியும் உண்டு: மெய் மூலங்கள் இல்லாத பரவளையத்துக்கும் இது அப்படியே வேலை செய்யும். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 7 என்ற வளைவு எக்ஸ் அச்சைத் தொடவே தொடாது. "மூலமே இல்லையே சார், அச்சை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று வகுப்பில் கேட்பார்கள். உயரம் 7-இல் பார்த்தால் 0, 4; அச்சு எக்ஸ் = 2. தரை மட்டத்தில் ஜோடி இல்லாவிட்டால் என்ன, மேலே ஏறினால் கிடைக்கிறது. கலப்பெண் படித்த பிறகு தம்பி திரும்பிப் பார்த்தால், அதே சமன்பாட்டின் கலப்பெண் மூலங்கள் இரண்டிலும் மெய்ப்பகுதி அதே 2-ஆக இருப்பதைக் காண்பான்.

இதுவரை நாம் செய்தது ஜோடி இருந்தால் நடு எங்கே விழும் என்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஜோடி உண்டா என்பதையும் காட்டினால்தான் நிரூபணம் முடியும். வர்க்கப் பூர்த்தி அதைச் செய்கிறது. எக்ஸ்² − 6எக்ஸ் + 5 என்பதை (எக்ஸ் − 3)² − 4 என்று எழுதலாம். அச்சிலிருந்து டி தூரம் வலப்பக்கம் போனாலும் இடப்பக்கம் போனாலும் கிடைப்பது டி² − 4 மட்டுமே. வர்க்கம் எடுக்கும்போது குறி மறைந்துவிடுவதால் வலமும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. பரவளையத்தின் சமச்சீருக்கு இயற்கணிதத்தில் இருக்கும் காரணம் இது ஒன்றுதான். வளைவு திரும்பும் புள்ளியான முனை (3, −4) என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. முனை என்பது புள்ளி, அச்சு என்பது கோடு. விடைத்தாளில் அச்சுக்கு வெறும் 3 என்று எழுதக் கூடாது, எக்ஸ் = 3 என்று எழுத வேண்டும். அடுத்து, குறியைத் தவறவிடுவது: ஒய் = 2எக்ஸ்² + 8எக்ஸ் + 3 என்றால் அச்சு எக்ஸ் = −2, பலர் 2 என்று எழுதுகிறார்கள். சூத்திரத்தை நம்பாமல், உயரம் 3-இல் 0, −4 என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் இந்தத் தவறு வராது.

தேர்வில் உடனே பயன்படக்கூடிய ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். பிள்ளைகள் பழக்கத்தில் −4 முதல் 4 வரை அட்டவணை போட்டுவிடுகிறார்கள். ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 5 வளைவுக்கு அப்படிப் போட்டால் −4-இல் ஒய்யின் மதிப்பு 45, வரைபடத்தாளில் அடங்காது. வலப்பக்கத்தில் அச்சைத் தாண்டி ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும், 5 என்ற மூலம் அட்டவணைக்குள் வரவே வராது. அச்சை முதலில் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் எண்களை எடுத்தால் 0 முதல் 6 வரை போதும்: 5, 0, −3, −4, −3, 0, 5. பாதிக் கணக்குப் போட்டால் மீதி தானாக வந்துவிடும். முழுதும் போட்டால் அது சரிபார்ப்பாகிவிடும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே எண்கள் வரவில்லை என்றால் எங்கோ கூட்டல் கழித்தலில் பிழை. வினாவில் −4 முதல் 4 வரை என்று எல்லையைக் கொடுத்திருந்தால் மட்டும் அதன்படியே செய்ய வேண்டும்.

செங்குத்து நிபந்தனை பரவளையத்தில் தானாக நிறைவேறிவிடுகிறது என்றேன். அது இல்லாமல் நடு நிபந்தனையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓர் அழகான விஷயம் கிடைக்கிறது. ஒய் = எக்ஸ்² வளைவில் (0, 0), (2, 4) இரண்டையும் சேருங்கள்; சாய்வு 2. (−1, 1), (3, 9) இரண்டையும் சேருங்கள். அதற்கும் சாய்வு 2. இரண்டு நாண்களின் நடுப்புள்ளிகளும் எக்ஸ் = 1 என்ற கோட்டில் விழுகின்றன. சாய்வு 2 உள்ள எந்த நாணை வரைந்தாலும் இதேதான். சாய்வை மாற்றினால் நடுக்கோடு நகரும், ஆனால் எப்போதும் அச்சுக்கு இணையாகவே இருக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூம்பு வெட்டிகளைப் பற்றி விரிவாக எழுதிய பெர்கா நகரத்து அப்பொலோனியஸ் இந்த நடுக்கோடுகள் எல்லாவற்றையும் விட்டம் என்றே வைத்து ஆராய்ந்தார். நாண்களைச் செங்குத்தாக வெட்டும் விட்டத்துக்குத்தான் அவரிடம் அச்சு என்ற தகுதி. பரவளையத்துக்கு எண்ணற்ற விட்டங்கள், அச்சு ஒன்று. செவ்வகத்தின் மூலைவிட்டம் எந்த இடத்தில் நின்றுவிட்டதோ, எக்ஸ் = 1 என்ற கோடும் அதே இடத்தில்தான் நிற்கிறது: நடுவில் வெட்டுகிறது, சாய்வாக வெட்டுகிறது.

நீள்வட்டத்துக்கும் அதிபரவளையத்துக்கும் இரண்டு அச்சுகள் இருக்கும்போது பரவளையத்துக்கு ஏன் ஒன்று மட்டும் என்று தம்பி கேட்கலாம், கேட்க வேண்டும். இதற்கான விளக்கம் பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதத்தைக் கொஞ்சம் தொடும். பரவளையம் மிக அதிகமாக வளைந்திருப்பது முனையில். அங்கிருந்து போகப்போக வளைவு குறைந்துகொண்டே போகும். வளைவின் அளவு மாறாமல் தன்மேல் தானே பொருந்த வேண்டுமென்றால் முனை முனையின் மேலேயே விழுந்தாக வேண்டும். முனையின் தொடுகோடும் தன்மேலேயே விழ வேண்டும். அப்படியானால் மடிக்க இரண்டு கோடுகள்தான் மிஞ்சும்: ஒன்று அந்தத் தொடுகோடு, மற்றது அதற்குச் செங்குத்தான கோடு. தொடுகோட்டில் மடித்தால் மேலே திறந்த வளைவு கீழே திறந்துவிடும், பொருந்தாது. எஞ்சியது ஒன்றே. நீள்வட்டத்தில் மிக அதிகமாக வளைந்த இடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை மற்றொன்றின் மேல் போட முடிகிறது, அதனால் அதற்கு இரண்டு.

இயற்கணிதத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பரவளையத்தின் வடிவியல் வரையறைக்குப் போனால், சமச்சீருக்கு இன்னும் ஆழமான காரணம் கிடைக்கும். குவியம் என்ற ஒரு புள்ளி, இயக்குவரை என்ற ஒரு கோடு, இரண்டிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளின் தொகுப்புதான் பரவளையம். இதை வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் செய்து பார்க்கலாம், செலவே இல்லை. தாளின் கீழ் விளிம்பை இயக்குவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பின் நடுவிலிருந்து 3 சென்டிமீட்டர் மேலே ஒரு புள்ளி வைத்து, தாளின் பின்பக்கம் தெரியும்படி அழுத்திக் குறியுங்கள். விளிம்பில் ஏதாவது ஓரிடத்தைப் பிடித்து, அது அந்தப் புள்ளியைத் தொடும்படி தாளை மடித்து நகத்தால் அழுத்திவிட்டு விரியுங்கள். விளிம்பில் இடத்தை நகர்த்தி நகர்த்தி இருபது முப்பது மடிப்புகள் போட்டதும், மடிப்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு பரவளையம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு மடிப்பும் அதற்கு ஒரு தொடுகோடு. விளிம்புக்கு இணையாக விழுந்த மடிப்பு முனையைத் தொடுவது. அது விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரில் இருக்கும். கடைசியாக இன்னொரு விதமாக ஒரு மடிப்பு: புள்ளி மடிப்பின் மேலேயே இருக்க வேண்டும், கீழ் விளிம்பு தன்மேலேயே படிய வேண்டும். அந்த மடிப்புதான் சமச்சீர் அச்சு. குவியம் அசையவில்லை, இயக்குவரையும் தன் இடத்தை விட்டுப் போகவில்லை. இரண்டிலிருந்தும் சம தூரம் என்ற நிபந்தனை மாறாததால் பரவளையமும் தன்மேல் தானே பொருந்தியாக வேண்டும். நீங்கள் கேட்ட "மடிக்கிற கோடும் பரவளையத்தின் அச்சும் ஒன்றா" என்பதற்கு இதைவிட நேரான விடை என்னிடம் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் நிரூபணம் உள்ள விஷயம், சந்தேகத்துக்கு இடமில்லை. நிஜப் பொருள்களுக்கு வரும்போது அதே உறுதியோடு பேச முடியாது. மேலே எறிந்த பந்தின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638-இல் வெளிவந்த நூலில் காட்டினார். ஆனால் அது காற்றுத் தடை இல்லாதபோது. காற்று இருந்தால் இறங்கும் பாதை ஏறிய பாதையைவிடச் செங்குத்தாகிவிடும், சமச்சீர் போய்விடும். இறகுப்பந்தில் இது வெறும் கண்ணுக்கே தெரியும். இரும்புக் குண்டில் கண்டுபிடிப்பது கடினம். அதுபோல இரண்டு ஆணிகளில் ஒரே உயரத்தில் தொங்கவிட்ட சங்கிலி பரவளையம் மாதிரியே இருக்கும், நடுவில் சமச்சீர் அச்சும் இருக்கும், ஆனால் அது பரவளையம் இல்லை. அதன் சரியான வளைவை 1691-இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் கண்டார்கள். சமச்சீராக இருக்கிறது என்பதை வைத்துப் பரவளையம் என்று முடிவுகட்டக் கூடாது. புகைப்படத்தில் ஒரு நீரூற்றையோ வளைவையோ பார்த்து மூன்று புள்ளிகளை எடுத்துச் சமன்பாடு போடுவதும் அப்படித்தான். ஒரே கோட்டில் இல்லாத, எக்ஸ் மதிப்புகள் வெவ்வேறான எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும் இந்த வகைப் பரவளையம் ஒன்று கட்டாயம் போகும். நான்காவது, ஐந்தாவது புள்ளியும் அதில் விழுந்தால்தான் நம்பத் தொடங்கலாம்.

பந்துக் கணக்கில் இன்னொரு இடறல் உண்டு. 25 மீட்டர் உயர மாடியிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்தை மேல்நோக்கி எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் டி வினாடிக்குப் பிறகு உயரம் 25 + 20டி − 5டி². பந்து தரையைத் தொடுவது 5ஆவது வினாடியில். அதில் பாதி 2.5 என்பதால் உச்சி 2.5 வினாடியில் என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 2. காரணம், பந்து புறப்பட்ட உயரமும் விழுந்த உயரமும் ஒன்றில்லை, அவை ஜோடிப் புள்ளிகளே இல்லை. தரை மட்டத்தில் 5-க்கு ஜோடி −1. எறிவதற்கு ஒரு வினாடி முன்பு பந்து தரையில் இருந்ததா என்றால் இல்லை. ஆனால் பரவளையம் அங்கேயும் நீள்கிறது. பந்து அதில் ஒரு பகுதியில் மட்டும் பயணம் செய்கிறது. அச்சு முழு வளைவுக்கு உரியது. −1, 5 இரண்டின் நடு 2.

இதே விஷயத்தை வீட்டு மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவிலும் பார்க்கலாம். டிடிஎச் டிஷ்கள் பெரும்பாலும் ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஒரு பக்கத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு போன்றவை. கிண்ணத்தின் அச்சு டிஷ்ஷின் நடு வழியாகப் போகாது, கீழ் விளிம்பை ஒட்டிப் போகும். சிக்னலை வாங்கும் கருவி ஒரு கையில் கீழே தாழ்ந்து நிற்பது, அது டிஷ்ஷின் முன்னால் வந்து மறைக்காமல் இருக்கத்தான். அதனால்தான் டிஷ்ஷின் முகம் செயற்கைக்கோளைவிடத் தாழ்வான இடத்தைப் பார்ப்பது போலத் தோன்றும். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி வேறு மாதிரி. 1970-இல் கட்டி முடித்த அது 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்ட பரவளைய உருளை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் எங்கும் ஒரே பரவளையம். அதற்குக் குவியம் ஒரு புள்ளியாக இல்லை, நீளவாட்டில் ஒரு கோடாக இருக்கிறது. சமச்சீர் அச்சும் ஒரு தளமாக விரிந்துவிடுகிறது. மலைச்சரிவு சுமார் 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதே அளவு என்பதால், அந்த நீளவாட்டம் பூமி சுழலும் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஆகவே ஒரே ஒரு திசையில் திருப்பிக்கொண்டே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது.

−பி/2ஏ சூத்திரம் எங்கே செல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அச்சு ஒய் அச்சுக்கு இணையாக இருந்தால் மட்டுமே அது செல்லும். பன்னிரண்டாம் வகுப்பில் வரும் ஒய்² = 4ஏஎக்ஸ் என்ற பரவளையத்தின் அச்சு எக்ஸ் அச்சு; அங்கே வரும் ஏ முனையிலிருந்து குவியத்துக்குள்ள தூரம், இருபடிச் சார்பின் முதல் கெழுவான ஏ வேறு. சாய்ந்த பரவளையமும் உண்டு: (எக்ஸ் − ஒய்)² = எக்ஸ் + ஒய். இதற்குச் சூத்திரம் தேட வேண்டாம். எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றிப் பாருங்கள், சமன்பாடு மாறாது. எனவே ஒய் = எக்ஸ் என்ற கோடுதான் அச்சு.

தம்பிக்குப் புரிந்ததா என்று பார்க்க, சமன்பாடே இல்லாத இரண்டு கேள்விகளைக் கொடுங்கள். ஒய் அச்சுக்கு இணையான அச்சுள்ள ஒரு பரவளையம் (−3, 7), (9, 7) வழியாகப் போகிறது, அச்சு எது? ஒரே உயரம் என்பதால் உடனே எக்ஸ் = 3 என்று சொல்லிவிடுவான். இன்னொரு பரவளையம் (2, 5), (8, 11) வழியாகப் போகிறது, அச்சு எது? சொல்ல முடியாது, மூன்றாவது புள்ளி வேண்டும் என்று அவன் சொன்னால் சரி. அதோடு விடாமல், "எது அச்சாக இருக்கவே முடியாது?" என்று கேளுங்கள். எக்ஸ் = 5 மட்டும் முடியாது. அது அச்சாக இருந்தால் 2-ம் 8-ம் அதிலிருந்து சம தூரத்தில் இருப்பவை, உயரங்கள் சமமாக வேண்டும். 5-ம் 11-ம் சமமில்லை. அதைத் தவிர ஒய் அச்சுக்கு இணையான வேறெந்தக் கோட்டைச் சொன்னாலும், அதை அச்சாகக் கொண்டு அந்த இரண்டு புள்ளிகள் வழியாகச் சரியாக ஒரு பரவளையம் வரைய முடியும்.